லெதர் சோஃபா உரியுது, வெடிக்குது, பூஞ்சை பூக்குது: வீட்டிலேயே எவ்வளவு சரி பண்ண முடியும்?

நீங்க கேட்டதை சுருக்கமா சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியும். வேளச்சேரில மூணாவது மாடி ஃபிளாட், 6 வருஷம் முன்னாடி 'ஒரிஜினல் லெதர்'னு சொல்லி வாங்கின பிரவுன் கலர் சோஃபா. சைடுலயும் பின்பக்கமும் தாள் தாளா உரியுது, உட்கார்ற இடத்துல மெல்லிசா வெடிப்பு, தலை சாய்க்கிற இடம் கருத்துப்போய் பிசுபிசுன்னு இருக்கு, மழை சீசன்ல வெள்ளை வெள்ளையா ஏதோ பூக்குது, பூனை வேற கீறி வச்சிருக்கு. அம்மா தேங்காய் எண்ணெய் தடவச் சொல்றாங்க, வீட்டுக்காரர் தூக்கிப் போட்டுடலாம்னு சொல்றார், யார் சொல்றது சரின்னு கேட்டிருக்கீங்க.

நான் ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடற டேனரில ஃபினிஷிங் செக்ஷன்ல இருந்தவன், இப்ப சென்னையில சோஃபா, கார் சீட் ரிப்பேர்தான் வேலை. நீங்க சொல்றதை வச்சுப் பார்த்தா தூக்கிப் போட வேணாம், எண்ணெயும் வேணாம். ஆனா உரியுற சைடுக்கு ஒரு ரூபா கூட செலவு பண்ணாதீங்க, ஏன்னா அது லெதரே இல்லன்னு நினைக்கிறேன்.

ஒரே சோஃபால ஒரு பக்கம் உரியுது, இன்னொரு பக்கம் வெடிக்குதுன்னாலே அது ரெண்டு வேற வேற பொருள். உடம்பு படுற இடம் மட்டும், அதாவது சீட்டு, முதுகு, கை வைக்கிற இடம் மட்டும் தோல், மீதி சைடு, பின்பக்கம் எல்லாம் அதே கலர்ல பியூ (பாலியூரித்தேன் பூசின துணி) இல்லன்னா ரெக்சின் (பி.வி.சி. பூசின துணி), இப்படித்தான் நிறைய சோஃபா வருது. இதுக்கு டிரேட்ல லெதர் மேட்ச்னு பேரு. ஏமாத்துன்னு சொல்ல முடியாது, பில்லுல எங்கயாவது சின்னதா போட்டிருப்பாங்க, கடைல வாயால யாரும் சொல்றதில்ல, அதுதான் பிரச்சனை.

எது எதுன்னு பார்க்க சீட் குஷன் ஜிப்பை திறந்து உள்பக்கத்தைப் பாருங்க. தோலா இருந்தா உள்பக்கம் நார் நாரா, லேசா பஞ்சு மாதிரி இருக்கும், நெசவு இருக்காது. வெட்டின ஓரத்துல நடுவுல நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிஞ்சா குரோம் டேனிங் பண்ணின, அதாவது குரோமியம் உப்பால பதப்படுத்தின தோல், சோஃபாவுக்கு வர்றதுல பெரும்பாலும் அதுதான். உள்பக்கம் துணி தெரிஞ்சா அது பியூவோ ரெக்சினோதான். துணியும் இருந்து அதுக்கு மேல தூளை அமுக்கி ஒட்டின அட்டை மாதிரி ஒரு லேயர் இருந்தா அது பாண்டட் லெதர், தோல் தூளை பசை போட்டு ஷீட்டாக்கினது. ஜிப்பு இல்லன்னா சோஃபாவை சாய்ச்சு அடில ஸ்டேப்பிள் அடிச்ச இடத்துல பாருங்க, அங்க ஓரம் மடங்காம வெளிய நீட்டிட்டு இருக்கும். நெருப்பு வச்சு டெஸ்ட் பண்ற வீடியோ எல்லாம் பார்த்துட்டு லைட்டரை எடுத்துடாதீங்க, நல்ல தோல் மேலயும் பெயின்ட் ஃபிலிம் இருக்கறதால பிளாஸ்டிக் வாடை வரத்தான் செய்யும், குழப்பம்தான் மிச்சம்.

இப்ப உரியுற கதை. பியூங்கறது துணி மேல பூசின பாலியூரித்தேன். காத்துல இருக்கிற ஈரம் அந்த பிளாஸ்டிக்கோட கண்ணிகளை கொஞ்சம் கொஞ்சமா வெட்டிடும், இதை ஹைட்ரோலிசிஸ்னு சொல்லுவாங்க, வெயிலும் வியர்வையும் சேர்ந்தா இன்னும் வேகம். சென்னை மாதிரி கடலோர ஊர்ல இது 3, 4 வருஷத்துலயே ஆரம்பிச்சுடும், யாருமே உட்காராத சோஃபா கூட உரியும், அதனால 'நாங்க நல்லாத்தானே வச்சிருந்தோம்'னு வருத்தப்பட வேணாம். ஒரு இடம் உரிய ஆரம்பிச்சா மத்த இடமும் உள்ளுக்குள்ள செத்துப் போச்சுன்னு அர்த்தம். மேல பெயின்ட் அடிச்சா பெயின்ட்டோட சேர்ந்து உரியும், ஒட்டினா ஒட்டுக்குப் பக்கத்துல உரியும். ஆன்லைன்ல விக்கிற ரிப்பேர் கிட் பாட்டில்ல 'லெதர், பியூ ரெண்டுக்கும்'னு போட்டிருப்பான், கீறலுக்கு ஓகே, உரியறதுக்கு வேலைக்காகாது. சைடையும் பின்பக்கத்தையும் மட்டும் ஒரு சோஃபா டெய்லர்கிட்ட குடுத்து வேற துணியோ நல்ல ரெக்சினோ போட்டுக்கோங்க. ரெக்சினும் நிரந்தரம் இல்ல, காலப்போக்குல விறைச்சு வெடிக்கும், ஆனா சைடுல மடிப்பும் வியர்வையும் இல்லாததால ரொம்ப நாள் தாங்கும்.

அடுத்து சீட்டு, இங்கதான் நீங்க மனசு வைக்கணும். கடைல பார்க்கிற சோஃபா லெதர்ல பெரும்பகுதி பிக்மென்டட், அதாவது தோலுக்கு மேல கலர் கோட்டு, அதுக்கு மேல டாப் கோட்டு அடிச்சது. தோல் 1 மில்லிமீட்டருக்கு கொஞ்சம் மேல தடிமன், அந்த கோட்டு அதுல ரொம்ப ரொம்ப மெல்லிசான ஒரு படலம், நீங்க தினம் தொடுறது அதைத்தான். அது இருக்கிற வரைக்கும் தோலுக்கு ஒண்ணும் ஆகாது. அது போச்சுன்னா அடியில இருக்கிற நாருக்குள்ள வியர்வை, எண்ணெய், அழுக்கு எல்லாம் இறங்கும், அப்புறம்தான் நிஜமான வெடிப்பு. அதனால வீட்டுப் பராமரிப்புன்னா பாதிக்கு மேல அந்தப் படலத்தைக் காப்பாத்தற வேலைதான். உங்களுது பிக்மென்டடான்னு தெரிய மறைவான இடத்துல ஒரு சொட்டு தண்ணி விடுங்க. ஒரு நிமிஷம் ஆகியும் மேலயே நின்னா பிக்மென்டட். உறிஞ்சி கருத்துச்சுன்னா அனிலின் டைப் (கலர் கோட்டு இல்லாம சாயம் மட்டும் ஏத்தின தோல்), இல்லன்னா கோட்டு தேஞ்சு போயிருக்கு. அனிலின்னா கீழ சொல்ற ஆல்கஹால், கலர் வேலை எதையும் நீங்களா தொடாதீங்க, அது தெரிஞ்சவங்க கைல போகணும்.

இப்ப அம்மா சொன்ன தேங்காய் எண்ணெய். தோலுக்கு எண்ணெய் வேணும்ங்கறது உண்மைதான், அது இல்லன்னா தோல் காய்ஞ்ச அப்பளம்தான். ஆனா அந்த எண்ணெயை டேனரில ஏத்துறது எப்படின்னா, எண்ணெயை தண்ணில கரையற மாதிரி பக்குவம் பண்ணி, 50, 60 டிகிரி சூட்டுல டிரம்முக்குள்ள தோலோட போட்டு சுத்த விட்டு, ஒவ்வொரு நாருக்குள்ளயும் போக வைப்போம், ஃபேட்லிக்கரிங்னு பேரு. நீங்க மேல இருந்து தேய்க்கிற எண்ணெய் கோட்டைத் தாண்டிப் போகாது. ரெண்டு நாள் பளபளன்னு இருக்கும், தூசி ஒட்டும், வெடிப்பு இருக்கிற இடத்துல மட்டும் உள்ள இறங்கி கருப்பா கோடு விழும். அப்புறம் கோட்டையே ஊற வச்சு பிசுபிசுப்பாக்கும், அது மேல பின்னாடி எந்த கலரும் ஃபில்லரும் பிடிக்காது. ஆலிவ் ஆயில், வினிகர்ல எண்ணெய் கலக்கறது, ஷூ பாலிஷ், எல்லாத்துக்கும் இதே பதில்தான். ஷூ பாலிஷ்ல கூடுதலா ஒண்ணு, வேட்டி சேலைல கலர் ஒட்டும்.

உங்க சோஃபால தலை சாய்க்கிற இடம் கருத்ததுக்கும் காரணம் அதே எண்ணெய்தான், தலைல இருந்து வந்தது. நம்ம ஊர்ல நான் பார்க்கிற பழைய லெதர் சோஃபால முக்கால்வாசி முதல்ல கெட்டுப்போறது அந்த இடம்தான், அப்புறம் டிவி பார்க்கிறவர் கை வைக்கிற இடம். விரலால அழுத்தி எடுத்தா லேசா ஒட்டுது, வெள்ளைத் துணில தேய்ச்சா பிரவுனா வருதுன்னா கோட்டு இளக ஆரம்பிச்சாச்சு. உடனே பண்ண வேண்டியது எண்ணெயை வெளிய இழுக்கறது. வாசனை இல்லாத டால்கம் பவுடரோ சோள மாவோ தடிப்பா தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலைல பிரஷ் மாட்டின வாக்குவம்ல உறிஞ்சிடுங்க. ஒரு தடவைல வராது, திரும்பத் திரும்ப பண்ணணும். பிசுபிசுப்பு போகலன்னா அந்த கோட்டு அவ்வளவுதான், அதை எடுத்துட்டு புதுசா கலர் போடணும், அதைக் கீழ சொல்றேன். இனிமே அங்க ஒரு காட்டன் டவல் போட்டு வாரா வாரம் மாத்துங்க, இந்த ஒரு பழக்கம் எந்த பாட்டில் கண்டிஷனரை விடவும் மேல்.

சுத்தம் பண்றதுல ஒரு விஷயம் புரிஞ்சா போதும். தோல் அமிலத் தன்மை உள்ள பொருள், பிஹெச் 4 பக்கம் இருக்கும். குளிக்கிற சோப்பு, துணி சோப்பு 9, 10 போகும், அது தோலுக்குள்ள இருக்கிற எண்ணெயையும் சேர்த்து வெளிய இழுத்துடும். பாத்திரம் கழுவுற லிக்விட், கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே, பேபி வைப்ஸ், எதுவும் வேணாம். ஹேண்ட் சானிடைசர் போட்ட கையோட சோஃபால கை வைக்கிறதை முதல்ல நிறுத்துங்க, கொரோனாவுக்கு அப்புறம் என்கிட்ட வந்த கை வைக்கிற பகுதி பாதி அந்த ஆல்கஹால்ல கரைஞ்சதுதான். பிஹெச் நியூட்ரல் லெதர் கிளீனர் கிடைக்கும், அதை ஒரு கிண்ணத்துல ஸ்பாஞ்சால நுரையாக்கி, அந்த நுரையை மட்டும் எடுத்து தேய்க்கணும், தண்ணி சொட்டக் கூடாது. தையல் இடுக்குல சாஃப்ட் டூத் பிரஷ். அப்புறம் ஈரத்துணி, அப்புறம் காய்ஞ்ச துணி, ஃபேன் காத்துல ஆற விடணும், வெயில் கூடாது. தண்ணி ஆர்.ஓ. தண்ணியா எடுத்துக்கோங்க, வேளச்சேரி போர் தண்ணில துடைச்சா காய்ஞ்சதும் உப்பு வெள்ளையா நிக்கும். வாரம் ஒரு தடவை காய்ஞ்ச மைக்ரோஃபைபர் துணி, நுரை போட்டு ஒரு 3 மாசத்துக்கு ஒரு தடவை, வாட்டர் பேஸ் கண்டிஷனர் வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஏ.சி. நேரா அடிக்கிற சோஃபான்னா இன்னும் ஒரு தடவை, இதுக்கு மேல ஒண்ணும் வேணாம்.

வெள்ளைப் புள்ளி பத்தி கேட்டீங்க, அதுல ஒரு நுணுக்கம் இருக்கு. எல்லா வெள்ளையும் பூஞ்சை இல்ல. தோலுக்குள்ள இருக்கிற கொழுப்பு சில சமயம் மேல வந்து உறைஞ்சு வெள்ளை மாவு மாதிரி நிக்கும், பார்க்க பூஞ்சை மாதிரியே இருக்கும். ஹேர் டிரையரை மிதமான சூட்டுல தள்ளிப் பிடிச்சு காட்டுங்க. உருகி மறைஞ்சா கொழுப்பு, ஈரத்துணில துடைச்சா போதும். அப்படியே நின்னு, பக்கத்துல போனா புழுக்கின வாடையும் அடிச்சா பூஞ்சை. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை நம்ம ஊர்ல காத்துல ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேலயே நிக்கும், வீட்டைப் பூட்டிட்டு தீபாவளிக்கு ஊருக்குப் போய்ட்டு வந்தா கண்டிப்பா பூக்கும். மாஸ்க் போட்டுக்கிட்டு பால்கனி நிழல்ல வச்சு சாஃப்ட் பிரஷால தட்டி எடுங்க, வீட்டுக்குள்ள தட்டினா அந்த வித்து ரூம் முழுக்க பரவும். அப்புறம் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் ஆர்.ஓ. தண்ணியும் சரி பாதி கலந்து துணில லேசா நனைச்சு ஒரே ஒரு தடவை துடைக்கணும், முதல்ல அடில மறைவான இடத்துல துடைச்சு கலர் வரலன்னு உறுதி பண்ணிட்டு. குஷன் உள்பக்கம், ஃபோம் கவர் எல்லாத்தையும் பிரிச்சு ஃபேன்ல காய வைங்க, வாடை அங்கதான் தங்கும்.

பூஞ்சை திரும்பத் திரும்ப வருதுன்னா இடத்தைப் பாருங்க. வெளிச்சுவரோட ஒட்டிப் போட்டிருந்தா ஒரு சாண் இழுத்துப் போடுங்க, சுவர் ஈரம் பின்னாடி காத்தாட வழியில்லாம நிக்கும். இன்னொண்ணு, சோஃபா வாங்கி வந்த பிளாஸ்டிக் கவரை எடுக்காம வருஷக்கணக்கா வச்சிருக்கிற வீடுகள் இருக்கு, தயவுசெஞ்சு கழட்டிடுங்க. ஈரம் உள்ளயே புழுங்கும், பி.வி.சி. கவரா இருந்தா அந்த பிளாஸ்டிக்கை மென்மையாக்கற எண்ணெய்ப் பசை கோட்டுக்குள்ள இறங்கி அதையும் பிசுபிசுப்பாக்கும். தூசிக்கு பயந்தா பழைய காட்டன் பெட்ஷீட் போடுங்க, போதும்.

சரி, வெடிப்பு. இதை நீங்களே பண்ணலாம், ஆனா ஒரு நாள் முழுக்க ஒதுக்கணும். பெரியமேட்டுல லெதர் மெட்டீரியல் விக்கிற கடைகள்ல கேளுங்க, ஆன்லைன்லயும் கிடைக்கும், வேணும்ங்கறது பைண்டர் (நாரை ஒண்ணா பிடிக்கிற திரவம்), ஃப்ளெக்ஸிபிள் ஃபில்லர் (வெடிப்பை அடைக்கிற, காய்ஞ்சாலும் வளையற பேஸ்ட்), வாட்டர் பேஸ் கலர், டாப் கோட்டு. முதல்ல சுத்தம் பண்ணி காய வச்சு, அந்த இடத்தை மட்டும் ஆல்கஹால் நனைச்ச துணியால துடைச்சு எண்ணெய்ப் பசையை எடுங்க. 600 நம்பர் வாட்டர் பேப்பரால (மெல்லிசான உப்புத்தாள்), மெதுவா, வெடிப்போட நிமிந்து நிக்கிற ஓரம் அமுங்கற வரைக்கும் தேய்ங்க. விரல் நுனியால கண்ணை மூடிட்டு தடவிப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். பைண்டரை ஸ்பாஞ்சால பூசினா அது வெடிப்புக்குள்ள இறங்கி பிஞ்சு நிக்கிற நாரை ஒண்ணா பிடிக்கும், காய்ஞ்சதும் தொட்டுப் பார்த்தா இடம் கொஞ்சம் இறுகியிருக்கும். அப்புறம் ஃபில்லர், பழைய ஏ.டி.எம். கார்டு ஓரத்தால வெடிப்புக்கு குறுக்கா இழுத்து, மேல நிக்கிறதை வழிச்சு எடுத்துடணும். காய்ஞ்சா ஃபில்லர் சுருங்கி திரும்ப பள்ளம் தெரியும், அது இயல்புதான், அடுத்த கோட்டு போடுங்க. ஒரே தடவைல தடிப்பா அப்பினா மேல காய்ஞ்சு உள்ள காயாம, உட்கார்ந்ததும் துண்டா பேந்து வரும்.

ஃபில்லருக்குப் பதிலா எம்-சீல், ஃபெவிக்விக், மரத்துக்கு போடற பசை எதையும் வைக்காதீங்க. சோஃபா தோல்ல ஃபினிஷிங் சரியா இருக்கான்னு டெஸ்ட் பண்றப்போ மெஷின்ல ஆயிரக்கணக்குல மடிச்சு மடிச்சுப் பார்ப்பாங்க, மடிப்புல கோட்டு வெடிச்சா அந்த லாட்டே ரிஜெக்ட். வீட்டுல நீங்க உட்கார்ந்து எழும்போது சீட்டுக்கு நடக்கிறதும் அதே மடிப்புதான். விறைப்பா காயற எந்தப் பசையும் அந்த மடிப்போட ஓரத்துல தோலையே வெட்டிடும், முன்னாடி இருந்த மெல்லிசான வெடிப்பு பெரிய கிழிசலாத்தான் ஆகும்.

கலர்தான் நிறைய பேருக்கு சொதப்பற இடம். வாட்டர் பேஸ் கலர் பாட்டில்ல வெளிறி பால் கலந்த மாதிரி தெரியும், காய்ஞ்சா ஒரு படி கருக்கும். அதனால ஈரமா இருக்கும்போது மேட்ச் பார்க்காதீங்க. கொஞ்சமா தொட்டு சோஃபா மேலயே மறைவா ஒரு புள்ளி வச்சு, ஹேர் டிரையர்ல காய வச்சு, பகல்ல ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க, டியூப்லைட்ல பார்த்து முடிவு பண்ணினா காலைல வேற கலரா நிக்கும். பிரவுன்ல பெரும்பாலும் குறையறது சிவப்போ மஞ்சளோதான், கருப்பை குண்டூசி முனை அளவுக்கு மேல சேர்த்துடாதீங்க, சேர்த்தா திருப்பி எடுக்க முடியாது. பிரஷ் வேணாம், கோடு விழும். ஸ்பாஞ்சால ஒத்தி ஒத்தி, மெல்லிசா 3, 4 கோட்டு, ஒவ்வொண்ணும் காய்ஞ்சப்புறம். ஒரு பேட்ச்சை மட்டும் போட்டா அது தனியா தெரியும், ஒரு தையல்ல இருந்து அடுத்த தையல் வரைக்கும் அந்த பேனல் முழுக்க போட்டுடுங்க. கடைசில டாப் கோட்டு, மேட்டா கிளாஸான்னு பழைய பளபளப்பைப் பார்த்து வாங்குங்க. கைக்கு உடனே காய்ஞ்ச மாதிரி இருக்கும், ஆனா 24 மணி நேரம் யாரும் உட்காரக் கூடாது, ஒரு வாரத்துக்கு ஈரத்துணியும் படக்கூடாது.

பூனைக் கீறல் ஆழமில்லாம கலர் மட்டும் போயிருந்தா 1000 நம்பர் பேப்பர்ல லேசா தேய்ச்சு கலர், டாப் கோட்டு, முடிஞ்சது. நார் பிசிறா நிமிந்து நின்னா அதை நெயில் கட்டரால நறுக்கிட்டு, பைண்டர் போட்டு படிய வச்சு, அப்புறம் வெடிப்புக்கு பண்ணின மாதிரியே. கிழிஞ்சு ஓட்டையே விழுந்திருந்தா மேல ஒட்டு போடாதீங்க, உள் ஒட்டு போடணும். கேன்வாஸ் துணியை ஓட்டையை விட ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் பெருசா வெட்டி, மூலைகளை வட்டமா நறுக்கி, ட்வீசரால கிழிசல் வழியா உள்ள தள்ளி தட்டையா விரிச்சு விடுங்க. தோலோட உள்பக்கத்துக்கும் துணிக்கும் நடுவுல ஃப்ளெக்ஸிபிளா காயற லெதர் பசை, கிழிஞ்ச ரெண்டு ஓரத்தையும் இழுக்காம ஒண்ணா சேர்த்து, மேல பட்டர் பேப்பர் வச்சு ஒரு தடி புஸ்தகத்தை பாரமா வச்சு ராத்திரி முழுக்க விடுங்க. கிழிசல் ஒரு கோடா மட்டும் தெரியற அளவுக்கு வந்ததும் ஃபில்லர், கலர்.

தையல் விட்டிருந்தா பழைய ஓட்டையிலயே வளைஞ்ச ஊசியால நைலான் நூல் போட்டு தையுங்க, பக்கத்துல புது ஓட்டை போட்டா தபால் தலை மாதிரி அந்த ஓட்டை வரிசையோட கிழிஞ்சு வரும். சீட்டு அமுங்கி தோல் மடிப்பு மடிப்பா சுருங்கியிருந்தா அது தோல் பிரச்சனை இல்ல, ஃபோம் செத்தது. ஜிப்பு இருந்தா பழைய ஃபோம் அளவை எடுத்துட்டுப் போய் 40 டென்சிட்டி ஃபோம் வெட்டி வாங்கி, மேல ரெக்ரான் ஷீட் (பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு) ஒரு சுத்து சுத்தி உள்ள தள்ளுங்க, தோல் இழுபட்டு நிக்கும், வெடிப்பும் மெதுவாகும். ஃபோமை மாத்தாம மேல கலர் வேலை மட்டும் பண்ணினா அதே மடிப்புல மறுபடி வெடிக்கும், அதனால முதல்ல ஃபோம், அப்புறம் வெடிப்பு வேலை, இந்த வரிசையை மாத்தாதீங்க.

சைடுக்கு துணி போட டெய்லர் வரும்போது சீட்டையும் சேர்த்து மாத்திடலாம்னு சொல்லுவார், தோலா இருந்தா ஒத்துக்காதீங்க. ஒரு வேளை தோல்லயே மாத்தறேன்னு சொன்னா எவ்வளவு சதுர அடின்னு கேளுங்க, தோல் சதுர அடி கணக்குலதான் விக்கும். மீட்டர் கணக்கு சொன்னார்னா அவர் கொண்டு வரப்போறது ரெக்சினோ பியூவோதான்.